மலாயா போன தாத்தாவைத் தேடிப் போகலாமா?

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயர்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவின் அப்பா 1937ல் ஒரு கங்காணியோடு மலாயாவுக்கு (இன்றைய மலேசியா) ரப்பர் பால்மரம் வெட்டப் போனவர். அனுப்பிய மணியார்டர் பணத்தைச் சேர்த்து வைத்து, 1939ல் அவர் பெயரிலேயே 2 ஏக்கர் 40 சென்ட் கொல்லை வாங்கினார் ஆயா, அதாவது பாட்டி. உலகப்போர்ச் சண்டைக் காலம் முழுக்கக் கடிதம் இல்லை. 1947ல் கப்பலில் ஊர் வந்தவர், சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பின் பிறந்தவர்தான் ஆசிரியையின் அம்மா; இப்போது வயது 77. அப்பா முகத்தை நேரில் பார்த்ததே இல்லை.

1953ல் ஒரு புகைப்படம் வந்தது. தாத்தா, பக்கத்தில் ஒரு பெண், பத்து வயதும் எட்டு வயதும் மதிக்கத்தக்க இரண்டு பையன்கள். பின்பக்கம் மலாயாவின் ஈப்போ நகரில் இருந்த ஒரு ஸ்டுடியோவின் முத்திரை. 1955 தை மாதம் கடைசிக் கடிதம். "அந்தக் கொல்லையை நீயே வெச்சு ஆண்டு, பிள்ளையைக் காப்பாத்து. என்னை எதிர்பார்க்காதே" என்று அதில் எழுதியிருந்தாராம். ஆயா 1994ல் காலமானார்.

இப்போது அம்மா கேட்பது ஒன்றே ஒன்று. "எங்கப்பா சமாதியில ஒரு சூடம் கொளுத்தணும்." மகளும் பேரனும் கூட்டிப் போகத் தயார். ஆசிரியையின் அண்ணன்தான் மறிக்கிறார். நிலத்தை விற்க அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தால் பங்கு கேட்டு வருவார்கள் என்கிறார். "வைப்பாட்டிப் பிள்ளைகளுக்கு உரிமை கிடையாது, பட்டா நம் பேரில் இருக்கிறது, எழுபது வருஷ அனுபோகம் இருக்கிறது, பிறகு எதற்குத் தேடிப்போய் வம்பை இழுக்கணும்?" என்பது அவர் வாதம். இதற்கிடையில் ஓர் ஏஜென்ட், பயணத்தோடு பேரனுக்கு அங்கே வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒன்றரை லட்சம் கேட்கிறாராம்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் அம்மாவின் ஆசைக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். கூட்டிப் போங்கள். அதைத் தடுக்கச் சட்டத்தில் ஒரு காரணமும் இல்லை. நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அண்ணன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து போகாமல் இருப்பது அல்ல.

வாரிசுரிமை ஒருவர் இறந்த நொடியில் உண்டாகிவிடுகிறது. நாம் அவர்களைத் தேடிப் போனோமா, அவர்களுக்கு நம்மைத் தெரியுமா என்பதை வைத்து அது பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. அந்தப் பையன்கள் உங்கள் தாத்தாவின் பிள்ளைகள் என்றால், ஈப்போவுக்கு நீங்கள் டிக்கெட் எடுக்காவிட்டாலும் அவர்கள் பிள்ளைகள்தான். போவதால் புதிதாக உங்கள் கைக்கு வருவது உண்மை மட்டுமே. உங்கள் வழக்கில் அந்த உண்மை நிலத்துக்கும் தேவைப்படுகிறது. தாத்தா எந்தத் தேதியில் இறந்தார் என்பது தெரியாமல் அந்த 240 சென்ட்டில் யாருக்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

அண்ணன் சொல்லும் மூன்று காரணங்கள்

"வைப்பாட்டி" என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள், சகோதரி. நம் சென்னை மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் 1949ல்தான் வந்தது. இந்தியா முழுமைக்கும் 1955 இந்து திருமணச் சட்டம். அதற்கு முன் ஓர் இந்து ஆண் முறைப்படி இரண்டாவது மணம் செய்தால் அது செல்லும். 1953 படத்தில் பையனுக்குப் பத்து வயது என்றால் அவன் பிறந்தது 1943 வாக்கில். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலம். கடிதம் இல்லை, கப்பல் இல்லை, ஊர் திரும்புவோமா என்றே தெரியாது. தோட்டத்துத் தமிழர்களைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனதும் 1942, 43ல்தான். போனவர்களில் பலர் திரும்பவில்லை. விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் லயங்களில் (தோட்டக் குடியிருப்பு வரிசைகளில்) எஞ்சி நின்றார்கள். அப்படிப்பட்ட நாளில் ஒரு பெண்ணும் உங்கள் தாத்தாவும் கோயிலில் தாலி கட்டிக் குடும்பம் நடத்தியிருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர் மனைவி, அந்தப் பிள்ளைகள் வாரிசுகள். அதே சமயம், ஒரே படத்தில் நிற்பதாலேயே மனைவி மக்கள் என்று முடிவு கட்டவும் முடியாது. ரயில்பாதையில் செத்துப்போன கூட்டாளியின் குடும்பமாகவும் இருக்கலாம். இன்னும் விசாரிக்காத ஒன்றுக்காக உங்கள் அம்மா எழுபது வருஷமாக மனசுக்குள் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தமாக இருந்தது.

அடுத்தது பட்டா. நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். காலத்தில் ஆயா பெயருக்கு மாறிய பட்டா, பிறகு அம்மா பெயருக்கு வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பட்டா வருவாய்த் துறையின் பதிவு. உரிமையைத் தருவது பத்திரமும் வாரிசு முறையும். 1939 கிரையப் பத்திரம் தாத்தா பெயரில் இருக்கிறது. அவர் உயிலோ தானமோ எழுதவில்லை என்றால், அவருக்குப் பிறகு யார் என்ற கேள்வி பட்டாவைத் தாண்டி நிற்கும்.

மூன்றாவது, எழுபது வருஷ அனுபோகம். பன்னிரண்டு வருஷம் எதிரிடையாக அனுபவித்தால் உரிமை வந்துவிடும் என்பது அந்நியர்களுக்கு இடையே சரி. கூட்டு உரிமையாளர்களுக்குள் கதை வேறு. ஒரு பங்காளி அனுபவிப்பது மற்ற பங்காளிகளுக்காகவும்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். "உனக்கு இதில் பங்கில்லை" என்று அவர்களுக்குத் தெரியும்படி மறுத்து, அப்படியே பன்னிரண்டு வருஷம் கடந்திருந்தால்தான் இந்த வாதம் நிற்கும். நீங்கள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாதபோது அவர்களை எங்கே மறுத்தீர்கள்? எழுபது வருஷ வரி ரசீதும், வெட்டிய கிணறும், கட்டிய வீடும் உங்கள் பக்கம் பலமான சாட்சியங்கள்தான். அவை மட்டுமே போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு தேதி, மூன்று கணக்கு

இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது 1956 ஜூன் 17. கடைசிக் கடிதம் 1955 தை. நடுவில் ஒன்றரை வருஷ இடைவெளி இருக்கிறது. தாத்தா அதற்குள் இறந்தாரா, அதற்குப் பிறகா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்தப் பெண் மனைவி, இரண்டு பையன்களும் தாத்தாவின் மக்கள், வேறு பிள்ளைகள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 1956 ஜூனுக்குப் பிறகு இறந்திருந்தால் சொத்து நாலு பாகம். இரண்டு மனைவியருக்கும் சேர்த்து ஒரு பாகம், உங்கள் அம்மாவுக்கு ஒன்று, பையன்களுக்கு ஆளுக்கொன்று. ஆயாவின் அரைப் பாகமும் அம்மாவுக்கே வரும். ஆக அம்மாவுக்கு 90 சென்ட், அந்தப் பக்கத்துக்கு 150.

அதற்கு முன்பே இறந்திருந்தால் பழைய சட்டம். அதில் மகன்கள் இருக்கும்போது மகளுக்குப் பங்கில்லை. 1937ஆம் ஆண்டு இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டப்படி விதவைகளுக்கு மட்டும் சேர்த்து ஒரு மகன் பங்கு கிடைக்கும். அதில் ஆயாவின் பாதி 40 சென்ட். ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையாக வந்த அது, 1956 சட்டத்தின் 14ஆம் பிரிவால் முழு உரிமையாகி, பிறகு அம்மாவுக்கு இறங்கியிருக்கும்.

படித்ததும் வயிற்றைக் கலக்கும் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள், மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது. அது உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

"அந்தக் கொல்லையை நீயே வெச்சு ஆண்டு, பிள்ளையைக் காப்பாத்து" என்ற வரியை மனசு கனத்து எழுதியிருந்தீர்கள். நான் அதை இரண்டு தடவை படித்தேன். கணவர் சொத்திலிருந்து ஜீவனாம்சம் பெறுவது இந்து மனைவிக்கு 1956க்கு முன்பே இருந்த உரிமை. அந்த உரிமைக்கு ஈடாக ஒரு பெண்ணின் அனுபவத்தில் இருக்கும் நிலம், 14(1) பிரிவின் கீழ் அவளுக்கே முழுச் சொத்தாகிவிடும் என்று 1977ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் விரித்துச் சொன்னது. தாத்தாவின் கைப்பட எழுதிய அந்தக் கடிதம், நிலத்தை ஆயாவின் பிழைப்புக்காக விட்டுக்கொடுத்ததற்கு அத்தாட்சி என்று வாதிட இடமிருக்கிறது. அது ஏற்கப்பட்டால் 240 சென்ட்டும் ஆயாவுடையது, அவருக்குப் பின் அம்மாவுடையது. நிச்சயம் ஜெயிக்கும் என்று வாக்குத் தரமாட்டேன். எதிர்ப்பக்கமும் பேச நிறைய இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதம் இல்லாமல் இந்த வாதத்தைத் தொடங்கவே முடியாது. உறை, தபால் முத்திரை, மணியார்டர் கூப்பன் எதையும் தூக்கிப் போடாதீர்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். அசலை ஆராய வேண்டி வந்தால் அது கெடுத்துவிடும்.

ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாமே என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், நீதிமன்றம் அப்படி அனுமானிக்கும். ஆனால் அந்த அனுமானம் இறந்துவிட்டார் என்பதோடு நின்றுவிடும். எந்தத் தேதியில் என்பதைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். உங்களுக்கோ தேதிதான் வேண்டும்.

விற்பனையை இப்போது நிறுத்துங்கள்

கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தாத்தா ஊரிலேயே இறந்ததாக இங்கேயே இறப்புச் சான்று வாங்கி, அம்மா ஒருவரே வாரிசு என்று சான்றிதழ் எடுத்துவிடலாம் என புரோக்கர் சொல்கிறாராம். அந்தப் பக்கமே போகாதீர்கள். இறப்பை அது நடந்த இடத்தில்தான் பதிய முடியும். பொய்யான வாக்குமூலம் கொடுத்துப் பதிந்தால் அது குற்றம், கையெழுத்துப் போடப்போவது 77 வயதான உங்கள் அம்மா. இன்னொரு வாரிசு இருக்கக்கூடும் என்று தெரிந்தே மறைத்து விற்றால், நாளைக்கு நிலம் வாங்கியவரும் உங்கள் மேல் வழக்குப் போடுவார். அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லி, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அல்லது வாங்குபவரிடம் விஷயத்தைத் திறந்து சொல்லி, எழுத்தில் அவகாசம் கேட்கச் சொல்லுங்கள். நிலம் எங்கும் ஓடிப்போகாது.

தேடலை ஊரிலிருந்து தொடங்குங்கள்

"சுங்கை, சுங்கை என்று ஆயா சொல்லும், அந்த ஊர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மலாய் மொழியில் சுங்கை என்றால் ஆறு. சுங்கை சிப்புட், சுங்கை பட்டாணி, சுங்கை பூலோ என்று அந்த நாடு முழுக்க சுங்கைதான். ஸ்டுடியோ ஈப்போவில் இருந்ததால் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டாக இருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது. அது ஊகம் மட்டுமே. அதை நம்பி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். 1948 ஜூனில் அதே சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு தோட்டத்து ஆட்களைப் பல இடங்களில் இடம் மாற்றிக் குடிவைத்தார்கள். 1947 முகவரியும் 1955 முகவரியும் வேறாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கங்காணிகள் பெரும்பாலும் சொந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் ஆள் சேர்த்தார்கள். உதவித்தொகையோடு ஆள் அனுப்புவதை 1938ல் இந்திய அரசு நிறுத்தும் வரை அப்படித்தான் நடந்தது. அதனால் உங்கள் தாத்தா தனியாகப் போயிருக்க வாய்ப்புக் குறைவு. பக்கத்து ஊர்களில் "மலாயாக்காரர் வீடு" என்று பெயர் எடுத்த குடும்பங்கள் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்த வீடுகளில் யாருக்காவது இன்றும் மலேசியாவிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்துகொண்டிருக்கலாம். அந்த ஒரு முகவரி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பழைய காகிதங்களில் தேடும்போது தர்மபுரி மாவட்டம் என்று தேடாதீர்கள். நம் மாவட்டம் பிரிந்தது 1965 அக்டோபர் 2ல். அதுவரை கிருஷ்ணகிரி, ஓசூர் உட்பட எல்லாமே சேலம் ஜில்லா. பெயரை ஆங்கிலத்தில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்; நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள். மலேசியக் காகிதங்களில் இன்னாரின் மகன் என்பதை "ஏ/எல்" என்று போடுவார்கள். பெயர்கள் ஒரே மாதிரி இருக்கும் இடத்தில் தாத்தாவின் அப்பா பெயரை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண முடியும்.

அங்கே மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது தேசியப் பதிவுத் துறை, மக்கள் ஜே.பி.என். என்பார்கள். பிறப்பு, இறப்புப் பதிவுகள் அவர்களிடம் இருக்கும். 1948ல் மலாயாவில் அடையாள அட்டை வந்துவிட்டதால், 1955ல் உயிரோடு இருந்தவருக்கு அட்டை இருந்திருக்க வேண்டும். இரண்டாவது, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. படத்தில் உள்ள பையன்கள் பள்ளிக்குப் போயிருந்தால் அப்பா பெயர் அதில் இருக்கும். மூன்றாவது தோட்டத்து மாரியம்மன் கோயில். தோட்டம் செம்பனையாகவோ (எண்ணெய்ப்பனை) வீட்டுமனையாகவோ மாறியிருந்தாலும், கோயிலை வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அங்கே வரும் வயதானவர்கள்தான் உங்களுக்குப் பெரிய பதிவேடு. இறப்புப் பதிவு கிடைத்தால் அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்திலும் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்திலும் சான்றொப்பம் வாங்கிக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் இங்கே நீதிமன்றத்தில் அதற்காக அலைய வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தோட்டங்கள் கைமாறியபோது பல இடுகாடுகள் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன. சமாதி கிடைக்காமல் போகலாம். அப்படியானால் அவர் வேலை செய்த மண்ணில், அந்தக் கோயில் வாசலில் சூடம் கொளுத்தலாம் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் ஏமாந்து நிற்கக் கூடாது.

ஏஜென்ட் சொன்ன வேலை

இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் மலேசியா விசா இல்லாமல் 30 நாள் தங்க விடுகிறது. அந்தச் சலுகை இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்வதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பெங்களூரு, திருச்சி, சென்னை மூன்றிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேர் விமானம் உண்டு. இதற்கு எதற்கு ஒன்றரை லட்சம்?

சுற்றுலாவாகப் போய் அங்கேயே வேலையில் சேர்வது சட்டவிரோதம். பிடிபட்டால் சிறை, பிறகு நாடு கடத்தல். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண் கேளுங்கள். சொல்லவில்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். தாத்தாவைத் தேடிப் போகிற இடத்தில் பேரனைத் தொலைத்துவிட்டு வரக்கூடாது.

அம்மாவுக்கு அங்கே குடியுரிமை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். கிடைக்காது. அவர் பிறந்தது இங்கே, அப்போது அவர் அப்பா அந்த நாட்டுக் குடிமகனும் இல்லை. தாத்தாவின் சேமநிதிப் பணத்தைப் பொறுத்தவரை, சேமநிதி அங்கே தொடங்கியதே 1951ல். தோட்டக்கூலியில் பிடித்த சில வருஷப் பணம் பெரிய தொகையாக இருக்காது. கேட்டுப் பாருங்கள், நம்பி இருக்க வேண்டாம்.

உறவுகளைக் கண்டுபிடித்தால்

பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தை டைப் அடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகச் சொல்கிறார் அண்ணன். தயவுசெய்து வேண்டாம். வெறும் முத்திரைத்தாளில் அங்கே வாங்கும் கையெழுத்து, பதிவு செய்யாமல் இங்கே செல்லாது. அதைவிட முக்கியம், எண்பது வயதை எட்டிய ஒருவர் தன் அப்பாவின் மூத்த குடும்பத்தை முதன்முதலாகப் பார்க்கும் நாளில் அவர் முன் காகிதத்தை நீட்டினால், உங்கள் அம்மா எதற்காக அவ்வளவு தூரம் வந்தார் என்று அவர் என்ன நினைப்பார்? முதல் சந்திப்பு அம்மாவுக்கும் அவர் அண்ணன்மாருக்கும் உரியது. கேட்டால் நிலத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். கேட்காவிட்டால், ஊர் திரும்பிய பிறகு நீங்களே கடிதம் எழுதிச் சொல்லுங்கள்.

அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் முறையான வழி இருக்கிறது. கோலாலம்பூர் தூதரகத்தில் இங்குள்ள ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதிச் சான்றொப்பம் வாங்கி அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்தி, அதன் பேரில் விடுதலைப் பத்திரத்தை இங்கே பதிவு செய்யலாம். பங்கு வேண்டும் என்றால் பேசித் தீர்க்கலாம். வெளிநாட்டுக் குடிமக்கள் இங்கே விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாதே தவிர, வாரிசாக வருவதற்குத் தடையில்லை. நிலமாகப் பிரிப்பதா, பணமாகக் கொடுப்பதா என்பது அப்போது பேச வேண்டியது. அந்தப் பேச்சில் அண்ணனையும் உட்கார வையுங்கள். இத்தனை வருஷம் அந்த மண்ணில் பாடுபட்டவர் அவர்.

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது பிறப்புச் சான்று இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வாக்காளர் அட்டை, பான் அட்டை போன்றவற்றைப் பிறந்த தேதிக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் தாத்தாவின் பெயர் 1939 பத்திரத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே பாஸ்போர்ட்டிலும் இருக்கட்டும். அவர் மகள்தான் இவர் என்று அங்கே காட்டுவதற்கு உதவும்.

இந்த வாரமே பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். 1939 பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீதுகள், கடிதங்கள், உறைகள், மணியார்டர் கூப்பன்கள். கூப்பனில் அனுப்பியவர் முகவரி என்று ஒரு இடம் இருக்கும். நீங்கள் தேடும் சுங்கையின் மீதிப் பெயர் அதில் இருக்கலாம். புகைப்படத்தையும் மறக்காதீர்கள், இரண்டு பக்கமும்.